எதிர்க்கட்சி அக்காவுக்கு

அக்கா,

நேற்று காலை, தேர்தல் வேலையும் பார்க்கிற அங்கன்வாடி டீச்சர் நம் பூத்தின் புதிய வாக்காளர் பட்டியலைக் கொண்டுவந்தார். அப்போதுதான் ஜெராக்ஸ் எடுத்த தாள்கள். சூடும் மை வாசனையும் ஆறியிருக்கவில்லை. வெயிலில் வந்தவருக்கு மோர் கொடுத்தேன். குடித்து முடித்து, மூன்றாவது பக்கத்தைப் புரட்டி, பேனா முனையை ஒரு பெயரின் மேல் வைத்தார். உங்கள் பெயர். பக்கத்தில், போட்டோ எடுத்தவரை முறைத்துக்கொண்டிருக்கும் உங்கள் பழைய முகம்.

"இவங்க தவறிட்டாங்கன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க மேடம். நீங்க பூத் ஏஜெண்ட். இந்தப் படிவத்துல ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா பேரை எடுத்துடலாம்."

"நான் அவங்க கட்சி இல்லையே டீச்சர்."

"எந்தக் கட்சியா இருந்தா என்ன மேடம்? அவங்கள நல்லாத் தெரிஞ்சவங்க நீங்கதான்னு இந்தத் தெருவே சொல்லுது."

கையெழுத்துப் போட்டேன். டீச்சர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். டியூஷன் பிள்ளைகளின் நோட்டு ஒன்றிலிருந்து தாளைக் கிழித்து எழுத உட்கார்ந்துவிட்டேன். இருபது வருடத்துக்கும் மேலாகப் பூத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். கடைசியில் உங்கள் பெயரை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் எதிர்க்கட்சிக்காரி. நீங்கள் இருந்திருந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி சிரித்திருப்பீர்கள்.

நாம் இருவருமே தரமணிக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள் இல்லை. நான் சாந்தோமில் பிறந்தவள். நீங்கள் மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். வாடகை ஏற ஏற மந்தைவெளி, அப்புறம் ஆற்றைத் தாண்டி அடையாறு, அப்புறம் இங்கே என்று படிப்படியாகத் தெற்கே தள்ளப்பட்டோம். அப்போது இது ஊருக்கு வெளியே. கண்ணாடிக் கட்டடங்களும் ஆபீஸ் பஸ்களும் வரவில்லை. ஐப்பசி பிறந்தால் முழங்கால் தண்ணீர். பீரோ, கட்டில், சாமி படம் என்று வண்டியில் ஏற்றும்போது அவரவர் கட்சியையும் சேர்த்தே ஏற்றிக்கொண்டு வந்தோம்.

என் அப்பா பஸ் கண்டக்டர், தொழிற்சங்க ஆள். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கையோடு கட்சியையும் கொடுத்துவிட்டார். உங்களுக்குக் கட்சி வந்த வழி வேறு. உங்கள் கணவர் இறந்த வருடம், உங்கள் கட்சி ஆட்சியில், உங்களுக்கு ஒரு தையல் மெஷின் கிடைத்தது. அதை முன்னறையில் போட்டு, நாலு தெருப் பெண்களுக்கும் ஜாக்கெட் தைத்து, இரண்டு மகள்களையும் கரையேற்றினீர்கள். "டெய்லி அந்த மிசின மெதிச்சுக்கினு, வேற சின்னத்துல எப்டி குத்துவேன் சொல்லு?" என்று கேட்பீர்கள்.

நாம் முதலில் பேசியதே சண்டையில்தான். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு அறை நம் வாக்குச்சாவடி. எனக்கு அதுதான் முதல் தடவை. கட்சியில் கொடுத்த பட்டியலைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்துவிட்டு வந்திருந்தேன். ஒரு பெண் ஓட்டுப் போட வந்தாள். பட்டியலில் இருந்த வயதுக்கும் ஆளுக்கும் பொருந்தவில்லை என்று எழுந்து நின்று ஆட்சேபித்தேன். தேர்தல் அதிகாரி அவளைப் பார்த்தார். அவள் அழுகிற நிலைக்குப் போய்விட்டாள்.

"இன்னாமே ஆட்சேபணை?" என்று நீங்கள் பக்கத்திலிருந்து சீறினீர்கள். "அவ எத்தினி ஜாக்கெட்டு எங்கையில தெச்சிருக்கா தெரியுமா? இவ அவதான். வயசு தப்பா கீதுன்னா பட்டியலப் போட்டவனக் கேளு. இவள இன்னாத்துக்கு நிக்க வெக்கற?"

பிறகு என் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னீர்கள்: "அவ உன் கட்சிக்குத்தான் போடப்போறா, லூசு."

அந்தப் பெண் ஓட்டுப் போட்டுவிட்டுப் போனாள். உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மணிக்கு எங்கள் கட்சிப் பொட்டலம் வந்தது, தக்காளி சாதமும் முட்டையும். உங்கள் கட்சிப் பொட்டலம் இரண்டு மணிக்கும் வரவில்லை. பாதியைப் பிரித்து இலையோடு உங்கள் பக்கம் தள்ளினேன். நீங்கள் அதைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், "முட்டையில பாதியா, முழுசா?" என்று கேட்டீர்கள். முழுசாகக் கொடுத்தேன். அதோடு சரி. அதன் பிறகு எத்தனை தேர்தல், எத்தனை முட்டை!

ஓட்டு மெஷின் வந்த பிறகு, விடிந்ததும் ஏஜெண்டுகள் முன்னால் சோதனைக்கு ஓட்டுப் போட்டுக் காட்டுவார்களே, அதில் ஒவ்வொரு தடவையும் நீங்கள் முதலில் என் கட்சிச் சின்னத்தில்தான் அழுத்துவீர்கள். "டெஸ்ட்டுக்குத்தானே, உனுக்கு ஒண்ணு போட்டுட்டேன், வெச்சுக்கோ" என்பீர்கள். அதிகாரிகள் சிரிப்பார்கள். வேலை தொடங்கியதும் நீங்கள் வேறு ஆள். ஒரு பெயர் உங்கள் பேனாவுக்குத் தப்பாது.

அந்தக் காலத்தில் நம் வேலை சுலபம். பிள்ளையார் கோயில் தெரு உங்களுடையது. பள்ளிக்கூடத் தெரு எங்களுடையது. கால்வாய்க்கரை வரிசையில் இருந்த குடும்பங்கள் மொத்தமும் உங்களுடையவை. வரிசையில் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தே, பத்து மணிக்குள் நம் பூத்தில் யார் முந்துவார்கள் என்று சொல்லிவிடுவோம். ஆளுக்கொரு சீட்டில் எழுதி மடித்துக் கொடுத்துக்கொள்வோம். ஓட்டு எண்ணி பூத் வாரியாகக் கணக்கு வந்ததும் பிரித்துப் பார்ப்போம். தோற்றவர் பெசன்ட் நகர் கடற்கரையில் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து நான் வெளியே வரும்போது நீங்கள் மணலில் காத்திருப்பீர்கள். முக்கால்வாசி நாள் இரண்டு சீட்டும் சரியாகவே இருக்கும். ஆளுக்கு ஒரு தட்டு வாங்கிக்கொள்வோம்.

அது மாறத் தொடங்கிய நாளை இப்போது என்னால் சுட்ட முடியும். அந்தப் பெருமழைதான். அப்போது நமக்கு அது தெரியவில்லை.

மூன்று நாள் தெருவில் தண்ணீர் வடியவில்லை. என் வீட்டுக்கு மட்டும்தான் மாடி. கால்வாய்க்கரைக் குடும்பங்கள், பிள்ளையார் கோயில் தெரு, பள்ளிக்கூடத் தெரு என்று வேறுபாடில்லாமல் எல்லாரும் என் மொட்டை மாடியில். நீங்கள் தையல் மெஷினைக் கட்டிலின் மேல் ஏற்றி வைத்துவிட்டு, தலையில் துணி மூட்டையோடு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தீர்கள். மூட்டையில் இருந்தது உங்கள் துணி இல்லை. தைக்கக் கொடுத்திருந்தவர்களின் துணி. என் வீட்டுக்காரர் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையிலிருந்து வரமுடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். இருந்த அரிசியைக் கஞ்சி வைத்தோம். என் கட்சியும் வரவில்லை, உங்கள் கட்சியும் வரவில்லை. யாரோ காலேஜ் பெண்கள், எந்தக் கட்சி என்றே தெரியாது, ரப்பர் படகில் பால் பாக்கெட் கொண்டுவந்தார்கள்.

தண்ணீர் வடிந்து ஐந்தாம் நாள் உங்கள் கட்சி ஆட்கள் நிவாரணப் பையோடு வந்தார்கள். பையில் தலைவர் படம். வரிசையில் நின்ற சாந்தி, அந்தக் கால்வாய்க்கரை சாந்தி, உங்கள் கட்சிக் கொடியை வீட்டுக் கூரையில் கட்டி வைத்திருந்தவள், பையைக் கையில் வாங்காமலே கேட்டாள்: "இந்தப் படத்த ஒட்டத்தான் அஞ்சு நாளு ஆச்சாண்ணா?"

யாரும் சிரிக்கவில்லை. நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். உங்கள் கட்சிக்கு எதிராக ஒரு சொல் வந்தால் உடனே பாய்கிற நீங்கள், அன்று பாயவில்லை.

அதற்கு அடுத்த தேர்தலில் இருவரும் வழக்கம்போல் சீட்டு எழுதினோம். இருவருமே தோற்றோம். தெருவுக்குத் தெரு போட்ட கணக்கு எதுவும் நிற்கவில்லை. பள்ளிக்கூடத் தெருவில் பாதி எங்களை விட்டுப் போயிருந்தது. கால்வாய்க்கரையிலும் பாதி உங்களை விட்டுப் போயிருந்தது. நாம் இருவருமே பெயர் சொல்லிப் பேசாத ஒரு புதுக் கட்சி, நம் பூத்தில் கணிசமாக வாங்கியிருந்தது.

"ஏமாத்திட்டாங்க" என்றேன் நான்.

"யாரு மே ஏமாத்துனது? நம்ம கேக்கல, அவங்க சொல்லல" என்றீர்கள்.

அப்புறம்தான் நீங்கள் கேட்க ஆரம்பித்தீர்கள். "அளவு எடுக்கசொல்ல பொம்பளைங்க பொய் பேச மாட்டாங்க" என்பது உங்கள் நம்பிக்கை. டேப்பைத் தோளில் வைத்துக்கொண்டே பேச்சுக் கொடுப்பீர்கள். சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, யார் பெயரும் சொல்லாமல், கேட்டதை மட்டும் சொல்வீர்கள். ஒருத்தி, மகளுக்கு ஐ.டி. ஆபீசில் வேலை கிடைத்த பிறகு வீட்டில் மகள் சொல்வதுதான் என்றாள். ஒருத்தி, சட்டசபைக்கு ஒரு கட்சி, டெல்லிக்கு ஒரு கட்சி, கார்ப்பரேஷனுக்கு யார் குப்பை எடுக்கச் சொல்கிறார்களோ அவர்கள் என்று விரல்விட்டு எண்ணினாள். புது அபார்ட்மென்டிலிருந்து வந்த டீச்சர், தண்ணி லாரிக்குத் தருகிற காசை யார் மிச்சப்படுத்துகிறார்களோ அவர்களுக்கு என்றார். சாந்தி மட்டும் தன் பெயரைச் சொல்லியே சொல்லச் சொன்னாளாம்: "கொடி எங்க வீட்டுக்காரரோடது, ஓட்டு என்னோடது."

அதைச் சொல்லிவிட்டு நீங்கள் டேப்பைச் சுருட்டினீர்கள். பிறகு, "நல்லாத்தான் கீது, இல்ல?" என்றீர்கள்.

எனக்கு அது நல்லதாகப் படவில்லை. அப்பா கொடுத்ததை அப்படியே வைத்திருந்தவள் நான். போனவர்களைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்த வேகத்தில்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

எங்கள் வட்டச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு கட்டு ஏழாம் நம்பர் படிவம் கொடுத்தார். பட்டியலிலிருந்து பெயரை நீக்கச் சொல்கிற படிவம். "கால்வாய்க்கரையில பாதிப்பேர் காலி பண்ணிட்டாங்கம்மா. போய்ப் பாத்து எழுதிக் குடுத்துடுங்க. நமக்கு வராத ஓட்டு" என்றார். இரண்டு நாள் பகல் பதினோரு மணிவாக்கில் போனேன். வரிசையாகப் பூட்டு. பெண்கள் அடையாற்றிலும் பெசன்ட் நகரிலும் வீட்டு வேலைக்குப் போயிருப்பார்கள், ஆண்கள் ஐ.டி. கட்டடங்களில் கூட்டப் பெருக்கப் போயிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கதவு பூட்டியிருந்தது உண்மை. மாறிப் போய்விட்டார்கள் என்பது நானாகச் சேர்த்துக்கொண்டது. ஒவ்வொரு வீடாக அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். விசாரிக்க வந்தவர்களும் பகலில் வந்து பூட்டைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

வரைவுப் பட்டியலைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டிய அன்று மத்தியானம் நீங்கள் வந்தீர்கள். கழுத்தில் டேப் தொங்கியது. வாசல்படியிலேயே நின்றீர்கள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"நீதான் எழுதிக் குடுத்தியாமே."

"கட்சியில சொன்னாங்கக்கா. வீடெல்லாம் பூட்டி இருந்துச்சு."

"பூட்டுனா செத்துட்டாங்களா? எம் வீட்டயும்தான் பூட்டிக்கினு இங்க வந்து நிக்கறேன். என் பேரயும் எடுத்துடுவியா?"

நான் உங்கள் கழுத்தில் தொங்கிய டேப்பைப் பார்த்தேன்.

"எங்க கட்சிக்காரங்களத் தூக்கறேன்னு நெனச்சுக்கினு செஞ்ச. அது கட்சி வேல, போவட்டும். இப்ப அதுல எத்தினி பேரு எங்க கட்சின்னு எனுக்கே தெரியாது. உனுக்கு எப்டி தெரியும்?" உங்கள் குரல் ஏறவேயில்லை. ஏறியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "அவங்க ஓட்டு யாருக்கு வேணா போவட்டும் ஸ்டெல்லா. அத்த எடுக்க நீ யாரு?"

திரும்பி நடந்தீர்கள். நான் வாசலில் நின்றேன். நிறைய நேரம் நின்றேன் என்று நினைக்கிறேன், அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் உள்ளே போனேன். அன்று சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு வந்து, "பேரை மறுபடி சேக்க ஆறாம் நம்பர் படிவம்க்கா. நான் எழுதறேன். நீங்க கூட வந்தாத்தான் அவங்க கதவைத் தொறப்பாங்க" என்றேன். நீங்கள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தீர்கள். கோத்து முடித்துவிட்டு, "காலைல அஞ்சரைக்கு வா. ஆறரைக்கு மேல எவளும் இருக்க மாட்டா" என்றீர்கள்.

பத்து நாள் போனோம், நினைவிருக்கிறதா? எதிரெதிர்க் கட்சிக்காரிகள் இருவர் விடியற்காலையில் சேர்ந்து நடப்பதைப் பார்த்து டீக்கடையில் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். சாந்தி பல் தேய்த்துக்கொண்டே, "இன்னாக்கா, ரெண்டு கட்சியும் கூட்டணியா?" என்று கேட்டாள். "ஆமா, உன் பேரு கூட்டணி. கையெழுத்து போடு" என்றீர்கள். என் பெயரை ஏன் எடுத்தாய் என்று அவள் என்னிடம் கேட்டபோது, நீங்கள் எனக்காகப் பேசவில்லை. நானே சொல்ல வேண்டும் என்று ஒதுங்கி நின்றீர்கள். சொன்னேன். கதவு திறந்த பதினாலு வீட்டிலும் சொன்னேன். திட்டியவர்களும் உண்டு, டீ கொடுத்தவர்களும் உண்டு. சாந்தி திட்டிவிட்டு டீயும் கொடுத்தாள்.

ஒரே ஒரு வீடு மட்டும் பூட்டியே இருந்தது. முனுசாமிப் பெரியவர் வீடு. பழைய ரிக்‌ஷாக்காரர். திருவொற்றியூரில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்றார்கள். கடைசித் தேதி போய்விட்டது. அவர் அதற்கு நாலு நாள் கழித்து வந்தார்.

மற்றவர்கள் பெயர் எல்லாம் திரும்ப வந்தது. எங்கள் வட்டச் செயலாளர் என்னிடம் பேசுவதை நிறுத்தினார். அந்தத் தேர்தலில் என் நாற்காலியில் அவர் தம்பி உட்கார்ந்தார். எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே, கட்சிக்காரர்கள் தாண்டக்கூடாத கோட்டுக்கு அப்பால், பூத் சிலிப் எழுதிக் கொடுக்கிற மேசை. உள்ளே நீங்கள், வெளியே நான். முதல் தடவையாக உங்களோடு சாப்பிடாத தேர்தல்.

ஒன்பது மணி இருக்கும். முனுசாமிப் பெரியவர் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. என் மேசையில் நின்று பெயரைச் சொன்னார். இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஒரு தடவை முடித்து மறுபடியும் முதலிலிருந்து புரட்டினேன்.

"நல்லா பாரு பாப்பா. கண்ணாடி போட்டுக்கினு பாரு" என்றார். "ஒவ்வொரு வாட்டியும் போட்டுக்கினுதான் கீறேன்."

"பேரு இல்லீங்க தாத்தா."

"உசுரோடதானே கீறேன்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் எழுந்து, அவரைக் கூட்டிக்கொண்டு கேட் வரைக்கும் வந்தேன். நீங்கள் உள்ளேயிருந்து பார்த்துவிட்டு வந்து, அவர் கையைப் பிடித்து அதிகாரியிடம் அழைத்துப் போனீர்கள். அவருடைய வாக்காளர் அட்டையைக் காட்டினீர்கள், வாதாடினீர்கள். அட்டை இருந்தால் போதாது, பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்றார் அதிகாரி. அவர் மேல் தப்பில்லை. பெரியவர் வெளியே வந்து, என் மேசையில் வைத்திருந்த தண்ணீரைக் கொஞ்சம் குடித்துவிட்டு, வந்த வழியே நடந்தார். கறை படாத விரலோடு போகிறவரை நான் அன்று முதலும் கடைசியுமாகப் பார்த்தேன். அடுத்த தேர்தலுக்கு அவர் இல்லை.

முடிவு வந்தது. கால்வாய்க்கரை மொத்தமாக உங்களைக் கைவிட்டிருந்தது. நாம் விடியற்காலையில் ஓடி ஓடிச் சேர்த்த ஓட்டெல்லாம் அந்தப் புதுக் கட்சிக்கும் கொஞ்சம் என் கட்சிக்கும் போயிருந்தது. உங்கள் கட்சிக் கூட்டத்தில், நீங்கள் சேர்த்துவிட்ட ஓட்டுதான் நமக்கு ஆப்பு என்று எல்லார் முன்னாலும் பேசினார்களாம். அந்த ஞாயிற்றுக்கிழமை, சீட்டு எழுதாவிட்டாலும், நீங்கள் கடற்கரைக்கு வந்தீர்கள். நீங்களே பஜ்ஜி வாங்கினீர்கள்.

"வருத்தமா இருக்காக்கா?" என்றேன்.

"இருக்காதா? பொறந்த வீடு மாரி இருந்த வரிச." மிளகாய் பஜ்ஜியைப் பிட்டு ஆற வைத்தீர்கள். "ஆனா, ஜாக்கெட்டு தெச்சுக் குடுக்கறது என் வேல. அத்தப் போட்டுக்கினு அவ எங்க போனா எனுக்கு இன்னா?"

அலைப்பக்கம் பார்த்துக்கொண்டே, நான் அந்தத் தேர்தலில் செய்ததைச் சொல்லப்போனேன். சிலிப் மேசையிலிருந்து எழுந்து ஓட்டுப் போடப் போனபோது, அப்பா கொடுத்த சின்னத்துக்கு நேராக விரல் போய், நின்று, யோசித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக யோசித்தேன். "அக்கா, நான் இந்தத் தடவ..." என்று தொடங்கியதும் உங்கள் எண்ணெய்க் கையால் என் வாயைப் பொத்தினீர்கள்.

"எங்கையில சொல்லாத மே. மறச்சுக் குத்தத்தானே மிசின சுத்தி அட்ட வெச்சிருக்கான்."

இன்றுவரை உங்களிடம் சொல்லவில்லை. இந்தக் கடிதத்திலும் எழுதப்போவதில்லை.

வட்டச் செயலாளர் மாறினார். புதிதாக வந்தவர் என்னைத் திரும்பக் கூப்பிட்டு நாற்காலியைக் கொடுத்தார். நாம் இன்னும் இரண்டு தேர்தல் சேர்ந்து உட்கார்ந்தோம். சீட்டு எழுதுவதை மட்டும் விட்டுவிட்டோம். எழுதினால் தோற்போம் என்று இருவருக்கும் தெரியும். தெரியாமல் உட்கார்ந்திருப்பதிலும் ஒரு நிம்மதி இருந்தது. சர்க்கரை உங்கள் காலைப் பறித்த பிறகு நீங்கள் வரவில்லை. ஆனி மாதத்தில் ஒரு காலை உங்கள் சின்ன மகள் போன் செய்தாள். உங்கள் உடம்பின் மேல் உங்கள் கட்சிக் கொடியைப் போர்த்தினார்கள். எங்கள் ஆட்கள் மாலை கொண்டுவந்தார்கள். சாந்தி, எந்தக் கட்சி என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாத சாந்தி, நீங்கள் தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்து உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து, எடுக்கிற வரைக்கும் எழவில்லை.

நம் தெருக்களில் இப்போது யார் யாருடைய ஆள் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. கட்சிக் கூட்டத்தில் அதைப் பெரிய நோய் மாதிரி பேசுகிறார்கள். நான் எழுந்து, அது நோய் இல்லை, நாம் போய்க் கேட்க வேண்டும் என்று சொல்கிறவள் ஆகிவிட்டேன். சிலருக்குப் பிடிக்கிறது, சிலருக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் பேசுகிறேன். ஜனங்கள் மாறுவதைப் பார்த்து எனக்கு இப்போது பயமில்லை. ஒரு வீடு இன்றைக்கு எங்களுக்கு வந்தால், அதை ஆயுளுக்கும் எங்களுடையது என்று நினைப்பதில்லை. அடுத்த தடவையும் அந்தப் படியேற வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பட்டியல் சரிபார்க்கிற வேலை வந்தால், பூட்டிய வீட்டுக்கு மூன்று தடவை போகிறேன். ஒரு தடவை விடியற்காலை, ஒரு தடவை சாயங்காலம், ஒரு தடவை ஞாயிற்றுக்கிழமை. முனுசாமிப் பெரியவருக்காக என்று யாரிடமும் சொல்வதில்லை. போன வாரம் புது அபார்ட்மென்டுக்குப் பின்னால், ஒற்றை அறை வீடு ஒன்றுக்கு மூன்றாவது தடவையாகப் போனேன். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெண், ஐ.டி. கேன்டீனில் வேலை. தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்தாள்.

"யாருக்கா நீங்க? எந்தக் கட்சி?"

கட்சியைச் சொன்னேன். முகம் சுருங்கியது. "நாங்க அதுக்குப் போட மாட்டோம்க்கா."

"பரவால்லம்மா. உன் பேரு இங்க இருக்கா, ஊர்லயே இருக்கா?"

ஊரிலேயே இருக்கிறதாம். படியிலேயே உட்கார்ந்து படிவத்தை எழுதினேன். அவள் உள்ளே போய், குந்த ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்து போட்டாள். போட்டோ ஒட்டி, கையெழுத்து வாங்கி, படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அவள் பெயர் தேவகி. உங்கள் பெயர் போகிற பட்டியலில் இனி அவள் பெயர் வரும்.

உங்கள்
ஸ்டெல்லா